ஏழாவது பதிவு

குரல் கொடுப்பவள் நான்.
கொடுத்த குரல் இதுவரை திரும்பி வந்ததில்லை.
இப்போது வந்திருக்கிறது
பழுப்பு உறையில், மூன்று பக்கமாக,
பதிவெண்ணோடு.

ஹம்மர்ஃபெஸ்டில் என் ஒலிப்பதிவுக்கூடம்
படுக்கையறைத் துணி அலமாரி.
கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலி,
உதட்டுக்கு நேரே மைக்.
இங்கே உட்கார்ந்துதான் சொன்னேன்
வங்கியின் "சற்றுக் காத்திருக்கவும்",
பல் மருத்துவரின் "இன்று விடுமுறை",
படகுத் துறைகளின் பெயர் பதினான்கும்.
இங்கே உட்கார்ந்துதான், போன டிசம்பரில்,
சூரியன் எழாத ஒரு செவ்வாய்க்கிழமை,
அதையும் சொன்னேன்:
"இன்றிரவு உங்கள் முறை."

மூன்றே சொல். பதினொரு தடவை சொல்லவைத்தார்கள்.
கொஞ்சம் சிரிப்போடு என்றான் மால்டாவிலிருந்த பையன்.
கொஞ்சம் ரகசியமாக.
பக்கத்து வீட்டுக்காரி
கதவைப் பாதி திறந்து சொல்வதுபோல.
ஏழாவது பிடித்துப்போயிற்று.
பணம் மறுநாளே வந்தது.
பல் மருத்துவர் இன்னும் தரவில்லை.

கடிதம் கேட்கிறது:
விளம்பரம் யாருக்காக? கூலி எந்த நாட்டிலிருந்து?
இந்நாட்டில் அனுமதி இல்லாத சூதாட்டம் என
அறிந்து செய்தீரா, அறியாமலா?
விளம்பரம் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும்
அபராதம் ஏறக்கூடும்.
கடைசிக் கேள்வி குட்டை:
இக்குரல் உம்முடையதா?

வழக்கறிஞர் ஸ்னெஃப்ரிட்டின் ஹீட்டர் மேல்
ஒற்றைக் கையுறை காய்ந்துகொண்டிருந்தது.
"கம்பெனி ஒரு வெயில் தீவில்.
ஒளிபரப்பு வேறொரு தேசத்து உரிமத்தில்.
சுவீடனுக்குள் போனால், பின்லாந்துக்குள் போனால்
இதே மூன்று சொல்லுக்கு வேறு வேறு விலை.
சட்டம் அவ்வளவு தூரம் நீந்தாது, ஜோருன்.
நீ நடக்கிற தூரத்தில் இருக்கிறாய்."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்
என்று வாதாடலாமே என்றேன்.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
"அம்பு பில் அனுப்பியிருக்கிறதே.
எண் முப்பத்தொன்று.
வரியும் சேர்த்து."

தெரியாது என்று எழுதிவிடலாம்.
ஆனால் அந்த இரவு
கோட்டுகளைப் பழைய இடத்தில் மாட்டும்போது
ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் நின்றேன்.
அது எனக்குத் தெரியும்.

சட்டத்துக்கு முன்பே
என்னைக் கண்டுபிடித்தவர் டோர்லெய்ஃப்,
படகில் கயிறு கட்டுபவர்.
கடையில், காபித்தூள் வரிசையில் வைத்துச் சொன்னார்.
குற்றம் சாட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
"ராத்திரி வேலை முடிந்து போனைத் திறந்தால் நீ.
பதினெட்டு வருஷமாக
அடுத்த துறை எது என்று நீ சொல்லி
ஒருநாளும் தப்பியதில்லை,
மூடுபனியில்கூட.
நீ சொன்னாயா, சரி,
என் முறைதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்."

எவ்வளவு போயிற்று என்று நான் கேட்கவில்லை.
எடுத்த பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிட்டு
சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

இன்று காலை அதிகாரியே அழைத்தார்.
மிருதுவான ஆள்; இருமல் வேறு.
முகவரி கேட்டார், பிறந்த வருஷம் கேட்டார்,
பிறகு அந்தக் குட்டைக் கேள்வி.

எங்கள் வடக்கில் "ஆம்" என்பதை
வெளியே விடுவதில்லை, உள்ளே இழுப்போம்.
ஒரு சிறு மூச்சு,
பனிக்காற்றில் கதவு திறந்து மூடியதுபோல.
மைக்கில் அது விழுந்தால் வெட்டிவிடுவார்கள்.
இருபது வருஷமாக
அதை நானே வெட்டிக்கொடுத்துப் பிழைத்திருக்கிறேன்.

"இக்குரல் உங்களுடையதா?"

இழுத்தேன்.

"மன்னிக்கவும், கேட்கவில்லை" என்றார்.
"பதிவாகிக்கொண்டிருக்கிறது.
இன்னொரு முறை சொல்லுங்கள்."